கூலிக்கு வரைந்த கோடு

நம் வட்டத்தில் ஓவியர்களைப் பற்றிப் பேச்சு வரும்போது இரண்டு வார்த்தைகள் வசை போலப் பயன்படுகின்றன. ஒன்று 'பாதிப்பு'. மற்றது 'கேட்டதற்குப் போட்டது'. முதல் வார்த்தைக்கு ஓவியரிடம் சொந்தச் சரக்கு இல்லை என்று அர்த்தம். இரண்டாவதற்கு அவர் விலைபோய்விட்டார் என்று அர்த்தம். எழுதுகிறவர்களாகிய நாம் நம்மைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசிக்கொள்வதில்லை. ஆப்ரி பியர்ட்ஸ்லியின் வாழ்க்கையைச் சமீபத்தில் மறுபடி படித்தபோது இந்த இரண்டு வார்த்தைகள் மீதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் வரைந்தவற்றில் பெரும்பகுதி யாரோ ஒரு பதிப்பாளர் கேட்டு வரைந்தது. எந்தக் கோட்டில் யாருடைய சாயல் என்று விரல் வைத்துக் காட்டிவிடலாம். ஆனாலும் அவருடைய படத்திலிருந்து ஒரு மூலையை மட்டும் வெட்டிக் கொடுத்தால்கூட இது பியர்ட்ஸ்லி என்று சொல்லிவிட முடிகிறது. இது எப்படி என்பதுதான் என் கேள்வி.

அவரிடம் எனக்குள்ள ஈடுபாட்டுக்குக் கலை சாராத ஒரு காரணமும் உண்டு. அவர் குமாஸ்தாவாக இருந்தவர். நானும் குமாஸ்தா. பி.ஏ.வில் ஆங்கில இலக்கியம் படித்தபோது ஆஸ்கார் வைல்டின் நாடகம் ஒன்றுக்கான முன்னுரையில் அவர் பெயர் ஒரு வரியில் வந்துபோயிற்று. படம் எதுவும் இல்லை. வங்கியில் சேர்ந்த பிறகு பழைய புத்தகக் கடை ஒன்றில்தான் 'ஸலோமி' படங்களைப் பார்த்தேன். மதிய இடைவேளையில், நின்றுகொண்டே. அவருக்கும் எல்லாம் மதிய இடைவேளையில்தான் ஆரம்பித்தது என்பது அப்போது தெரியாது.

1872 ஆகஸ்ட் 21இல் பிரைட்டனில் பிறந்தவர் பியர்ட்ஸ்லி. ஏழு வயதிலேயே காசநோய் கண்டுபிடிக்கப்பட்டது. பள்ளி முடிந்து கொஞ்ச நாள் ஒரு சர்வேயர் அலுவலகம். 1889இலிருந்து லண்டன் லொம்பார்ட் தெருவில் கார்டியன் ஆயுள்-தீக் காப்பீட்டுக் கம்பெனி. இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படம். மதியத்தில் சீப்சைடு அருகே ஃப்ரெடரிக் ஈவான்ஸ் நடத்திய புத்தகக் கடை. பின்னாளில் ஈவான்ஸ் தேவாலயங்களைப் படம்பிடித்துப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். புத்தகம் வாங்கப் பணமில்லாத பையனிடம் படங்களை வாங்கிக்கொண்டு புத்தகங்களைக் கொடுத்தார். பியர்ட்ஸ்லியின் முதல் விற்பனை இந்தப் பண்டமாற்றுதான் என்று சொன்னால் தவறில்லை.

1891 அவருடைய கண் திறந்த வருஷம். ஜூலையில் தமக்கை மேபலுடன் எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸின் வீட்டுக்குப் போகிறார். பர்ன்-ஜோன்ஸ் படங்களைப் பார்த்துவிட்டு இதையே தொழிலாகக் கொள்ளச் சொல்கிறார். அவர் யோசனைப்படி வெஸ்ட்மின்ஸ்டர் கலைப் பள்ளியில் மாலை வகுப்பு. பியர்ட்ஸ்லிக்குக் கிடைத்த முறையான பயிற்சி அவ்வளவுதான். அதே வருஷம் லெய்லண்ட் என்ற கப்பல் முதலாளியின் வீட்டில் விஸ்லர் தீட்டிய மயில் அறையைப் பார்க்கிறார். நீலத்தின் மேல் தங்கம். ஜப்பானிய அச்சோவியங்களைப் பார்த்துப் பழகிய கண் தீட்டியது. இதோடு இத்தாலிய ஓவியர் மான்டெக்னாவின் கல்லில் வெட்டியது போன்ற உருவங்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. 1878இல் விஸ்லர் ரஸ்கின் மேல் போட்ட மானநஷ்ட வழக்கில் ரஸ்கினுக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறியவர் பர்ன்-ஜோன்ஸ். இரண்டு பேரும் எதிரெதிர் முகாம். ஒருவரை ஏற்றால் மற்றவரை மறுக்க வேண்டும் என்பது அன்றைய லண்டனின் விதி. நம் ஊர் விதியும் அதுதான். ஆனால் இந்தக் காப்பீட்டுக் குமாஸ்தாவுக்கு முகாம் கிடையாது. இரண்டு பேரையும் ஒரே பேனாவுக்குள் விட்டுக்கொண்டார். பாதிப்பு என்பதை வியாதி தொற்றுவது போலவே நாம் பேசுகிறோம். அவரிடம் அது கைமாற்று வாங்குவது போல இருந்திருக்கிறது. வாங்கியதை மறைக்கவில்லை. வட்டியோடு திருப்பிக் கொடுத்தார்.

திருப்பிக் கொடுத்த இடம் 1892இல் வந்த முதல் பெரிய வேலை. மாலரியின் 'மார்ட் டார்தர்' நூலைப் படங்களுடன் வெளியிட ஜே.எம். டென்ட் என்ற பதிப்பாளர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஈவான்ஸ் தம் கடைக்கு வரும் பையனைக் காட்டினார். மாதிரிக்கு ஒரு படம், பிறகு ஒப்பந்தம். கூலி 250 பவுண்டு. பியர்ட்ஸ்லி வேலையை ராஜினாமா செய்தார். அப்போது வயது இருபது. வீட்டாருக்கு அது பிடிக்கவில்லை.

டென்ட் கேட்டது கலையை அல்ல என்பதை ஒளிக்க வேண்டியதில்லை. வில்லியம் மாரிஸ் 1891இல் தொடங்கிய கெல்ம்ஸ்காட் அச்சகம் கையால் செய்த தாளில், மரத்தில் வெட்டிய படங்களோடு இடைக்காலத்து ஏடுகளைப் போன்ற புத்தகங்களை அச்சிட்டது. விலை அதிகம். அதே தோற்றத்தை மலிவாகக் கொடுக்க வேண்டும் என்பது டென்டின் கணக்கு. அதற்கு வழி லைன் பிளாக். அதுவரை ஓவியர் வரைந்ததை மரச்செதுக்குக்காரர் வெட்டுவார். வாசகன் பார்க்கும் கோடு செதுக்கியவருடைய கைக்கோடு. லைன் பிளாக்கில் படத்தைப் புகைப்படமாகத் துத்தநாகத் தகட்டில் இறக்கி, அமிலத்தில் அரிக்கவிட்டு, எஞ்சி மேடாக நிற்பதை அச்சிடுகிறார்கள். நடுவில் வேறு கை இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தகட்டுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஒன்று கருப்பு, அல்லது வெள்ளை. எழுபதுகளில் நம் சிறுபத்திரிகைகள் ஆதிமூலம் போன்றவர்களின் கோட்டோவியங்களை அச்சிட்டதும் இப்படி பிளாக் எடுத்துத்தான். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் ஹாஃப்டோன் பிளாக்கும் வழுவழுப்பான தாளும் வேண்டும். அதற்கு யாரிடம் காசு இருந்தது?

மலிவான அந்தத் தகட்டின் குறையைப் பியர்ட்ஸ்லி தம் பாஷையாக ஆக்கிக்கொண்டார். பக்கத்தில் பாதியை அடைக்கும் கருப்பு. அதன் விளிம்பில் மயிரிழைக் கோடு. மீதி வெற்றுத் தாள். அவருடைய வெள்ளை, வரையாமல் விட்ட இடம் மாதிரி இருப்பதில்லை. அதுவும் ஒரு பொருளாக நிற்கிறது. இது விஸ்லரிடமிருந்தோ ஜப்பானியரிடமிருந்தோ மட்டும் வந்துவிடவில்லை; பாதி டென்டின் சிக்கனத்திலிருந்து வந்தது.

புத்தகம் 1893இலும் 94இலும் பகுதி பகுதியாக வெளிவந்தது. தலைப்புகள், ஓரக்கட்டங்கள் எல்லாம் சேர்த்து 350க்கும் மேற்பட்ட படங்கள். ஆரம்பத்தில் பர்ன்-ஜோன்ஸின் சோகமான வீரர்களும் நீண்ட முகப் பெண்களும். போகப்போக அவருக்கு அலுத்துவிட்டது. அலுப்பு வந்தபின் அத்தியாயத் தலைப்புகளில் ஆர்தர் மன்னரின் கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்டுக்கால் தேவதைகள் எட்டிப் பார்க்கின்றன. செடிகொடிகளுக்குத் துர்ப்புத்தி வருகிறது. மாரிஸ் தம் பாணியைத் திருடிவிட்டதாகக் கோபப்பட்டார். அவர் பார்த்திருக்க வேண்டியது திருட்டு எந்தப் பக்கத்தில் நின்றுபோகிறது என்பதை. பியர்ட்ஸ்லி பியர்ட்ஸ்லியானது ஒரு கூலி வேலையின் நடுவில், அது சலித்துப்போன கணத்தில். வேலை இல்லாதிருந்தால் அந்தச் சலிப்பும் இல்லை. அகத்தூண்டுதலுக்காகக் காத்திருப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

1893 ஏப்ரலில் 'ஸ்டூடியோ' பத்திரிகையின் முதல் இதழில் ஜோசப் பென்னல் அவரைப் பற்றி எழுதினார். அதில் வந்த ஒரு ஸலோமி படத்தைப் பார்த்து ஜான் லேன், வைல்டின் நாடகத்தின் ஆங்கிலப் பதிப்புக்குப் பத்துப் படங்கள் கேட்டார். கூலி 50 கினி. புத்தகம் 1894இல் வந்தது. பைபிள் காலத்து இளவரசியின் ஒப்பனை மேசையில் ஜோலாவின் பெயருள்ள புத்தகம் கிடக்கிறது. நிலாவுக்கு வைல்டின் முகம். தம் நாடகம் பைஜாண்டியம் என்றும் படங்கள் ஜப்பான் என்றும் வைல்டு குறைபட்டதாகச் சொல்வார்கள். குறை நியாயமானது. படங்கள் நாடகத்துக்கு விளக்கமாக இல்லை. பக்கத்திலேயே நடக்கும் இன்னொரு நாடகமாக இருக்கின்றன, அதுவும் கொஞ்சம் குரூரமான நாடகம். லேன் சில படங்களைத் திருத்தினார், சிலவற்றை நிறுத்தினார். ஆனாலும் இன்று 'ஸலோமி' என்றால் நம் கண்முன் வருவது வைல்டின் வசனம் அல்ல.

இனி, நாம் எல்லோரும் படிக்க வேண்டிய அத்தியாயம். 1894 ஏப்ரலில் 'யெல்லோ புக்' காலாண்டிதழ் தொடங்கியது. ஹென்றி ஹார்லண்ட் இலக்கியத்துக்கு ஆசிரியர், பியர்ட்ஸ்லி ஓவியத்துக்கு. இதழில் ஒரு விதி வைத்தார்கள்: படங்கள் எழுத்துக்கு விளக்கமாக வராது, தனியாக, தம் சொந்த உரிமையில் நிற்கும். கூலிக்கு வரைந்தபோது கள்ளத்தனமாக எடுத்துக்கொண்ட சுதந்திரம் இப்போது சட்டமாகிவிட்டது. நான்கு இதழ்கள் வந்தன.

1895 ஏப்ரல் 5ஆம் தேதி வைல்டு கைது செய்யப்பட்டார். கையில் ஒரு மஞ்சள் புத்தகம் இருந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அது மஞ்சள் அட்டை போட்ட ஏதோ ஒரு பிரெஞ்சு நாவல் என்கிறார்கள். 'யெல்லோ புக்'கில் வைல்டு ஒரு வரிகூட எழுதியதில்லை. அதை யார் கேட்டார்கள்? லேனின் கடை ஜன்னல்களில் கல் விழுந்தது. ஆனால் கல்லெறிந்த கூட்டம் பியர்ட்ஸ்லியின் வேலையைப் பறிக்கவில்லை. கவிஞர் வில்லியம் வாட்சன், அப்போது அமெரிக்காவிலிருந்த லேனுக்குத் தந்தி அடித்தார்: பியர்ட்ஸ்லியின் படங்களை நீக்கு, இல்லாவிட்டால் என் புத்தகங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்கிற பொருளில். வேறு எழுத்தாளர்களும் உடன் நின்றார்கள். ஐந்தாவது இதழிலிருந்து படங்கள் அகற்றப்பட்டன, பியர்ட்ஸ்லியும் அகற்றப்பட்டார். எழுத்திலிருந்து படத்தைப் பிரித்து நிறுத்தியவருக்கு, என்றோ கூலிக்குப் படம் போட்டுக்கொடுத்த ஒரு எழுத்தாளருக்காகத் தண்டனை.

பிறகு லியோனார்ட் ஸ்மிதர்ஸ் வந்தார். மற்றவர்கள் தொடப் பயந்ததைத் தைரியமாகப் போடுபவர், பணம் கொடுப்பதில் ஒழுங்கில்லாதவர். ஆர்தர் சைமன்ஸை ஆசிரியராகக் கொண்டு 1896இல் 'ஸவாய்' எட்டு இதழ்கள் வந்தன. யேட்ஸ், கான்ராட், ஷா எல்லோரும் எழுதினார்கள். ப்ளேக்கின் ஒரு படத்தைக் காரணம் காட்டி ரயில் நிலையப் புத்தகக் கடைக்காரர்களான டபிள்யூ.ஹெச். ஸ்மித் விற்க மறுத்தார்கள். கடைசி இதழை முழுவதும் சைமன்ஸே எழுதினார், முழுவதும் பியர்ட்ஸ்லியே வரைந்தார். சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

அதே வருஷம் போப்பின் 'கூந்தல் கவர்தல்' காவியத்துக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் செதுக்கோவியங்களிலிருந்து எடுத்த புள்ளி வேலை, சரிகை போல. உடனே அரிஸ்டோஃபனீஸின் 'லிஸிஸ்ட்ராட்டா'வுக்கு எட்டுப் படங்கள். இந்தத் தடவை கிரேக்க மண்கலங்களின் கோடு, பின்னணியே கிடையாது, கூச்சமும் கிடையாது. தொழிலுக்கு வந்து ஆறு வருஷம் முடியவில்லை. இத்தனை பேரிடம் வாங்கி, இத்தனை பேரையும் கடந்தாயிற்று. 1897இல் கத்தோலிக்கரானார். 1898 மார்ச்சில் சாகக் கிடந்தபோது 'லிஸிஸ்ட்ராட்டா'வையும் ஆபாசமான படங்களையும் அழித்துவிடும்படி ஸ்மிதர்ஸுக்குக் கெஞ்சி எழுதினார். மார்ச் 16இல் மான்டனில் இறந்தார். வயது 25. ஸ்மிதர்ஸ் எதையும் அழிக்கவில்லை. கேட்டு வாங்கியது கேட்டவருக்குச் சொந்தம் என்ற வியாபார நியாயம் ஒரு கலையைக் காப்பாற்றியது. சாகிறவனின் கடைசி விருப்பத்தை மதிக்கவில்லை. இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதற்குப் பிறகான கதை சுருக்கமானது. 1929இல் ஷாங்காயில் லூ சுன் அவருடைய படங்களைத் தொகுத்து வெளியிட்டார். 1966இல் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் பெரிய கண்காட்சி வைத்தது. அதே சமயம் அதே படங்களின் நகல்களை ஒரு கடையிலிருந்து போலீஸ் பறிமுதல் செய்தது.

நான் எழுத உட்கார்ந்தது இவற்றுக்காக அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் நானும் கூட இருந்து நடத்திய பத்திரிகை ஒன்றில் ஒரு ஓவியரின் அட்டைப்படம் அச்சுக்குப் போகும் தறுவாயில் நிறுத்தப்பட்டது. படத்தில் குறையில்லை. அவர் எங்களுக்கு ஆகாத குழுவைச் சேர்ந்த ஒருவரின் கவிதைத் தொகுப்புக்குப் படம் போட்டிருந்தார். இரண்டு கவிஞர்கள் தங்கள் கவிதைகளைத் திரும்பக் கேட்டார்கள். கவிதைகள் தங்கின, படம் போயிற்று. அவருக்கு நாங்கள் ஒரு பைசாவும் கொடுத்ததில்லை. கவிதை அரைப் பக்கத்தில் முடிந்தால் மீதி இடத்தை அடைக்கவே அவர் எங்களுக்கு வேண்டியிருந்தார். கூட்டத்தில் நான் வாய் திறக்கவில்லை. அன்று மாலை அவரிடம் தகவல் சொல்லும் பொறுப்பும் என்னுடையதாக இருந்தது. அவர் ஏன் என்று கேட்கவில்லை. படத்தை வாங்கிச் சுருட்டிக்கொண்டு போனார்.

'யெல்லோ புக்'கின் ஐந்தாவது இதழைப் பற்றி ஒரு விவரம் உண்டு. முன்னட்டையையும் உள்ளே இருந்த படங்களையும் அவசரமாக எடுத்தவர்கள் முதுகையும் பின்னட்டையையும் மறந்துவிட்டார்கள். அவற்றில் பியர்ட்ஸ்லி வரைந்தது அப்படியே அச்சாகி வந்தது. அவரை வெளியே தள்ளிய கவிஞர்கள் தங்கள் கவிதைகள் உள்ள இதழைக் கையில் பிடித்தபோது, விரல்கள் பட்டது அந்தக் கோடுகளின் மேல்தான்.