600 ஆண்டுகளுக்கு முந்தைய சொத்துப் பட்டியல்கள்: பைத்துல் முகத்தஸ் காழி மன்றத்தின் சான்று

1974 முதல் 1976 வரையிலான ஆண்டுகளில், பைத்துல் முகத்தஸ் ஹரம் ஷரீஃபிலுள்ள இஸ்லாமிய அருங்காட்சியகத்தில் சுமார் 900 பழைய ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்டன. பெரும்பாலானவை மம்லூக் ஆட்சிக் காலத்தவை, குறிப்பாக ஹிஜ்ரி 790களைச் சேர்ந்தவை (கி.பி. 14ஆம் நூற்றாண்டின் இறுதி). இவற்றுக்கான விளக்கப் பட்டியலை டொனால்ட் லிட்டில் 1984இல் வெளியிட்டார்.

இவற்றில் 400க்கும் மேற்பட்டவை தனிமனிதர்களின் சொத்துப் பட்டியல்கள். ஒருவர் நோயில் படுத்துவிட்டாலோ இறந்துவிட்டாலோ, காழியின் அனுமதியுடன் சாட்சிகள் அவரது இருப்பிடத்துக்குச் செல்வார்கள். உடைகள், படுக்கை, பாத்திரங்கள், ரொக்கம், வர வேண்டிய கடன், கொடுக்க வேண்டிய கடன், உள்ளூரிலும் வெளியூரிலும் உள்ள வாரிசுகள் என அனைத்தையும் எழுதிச் சாட்சிக் கையெழுத்திடுவார்கள். பொருட்கள் ஏலம் போனால், எது என்ன விலைக்கு விற்றது என்பதற்கும் கணக்கு உண்டு.

இத்தனை நுணுக்கம் ஏன்? அடக்கச் செலவு, கடன், மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியதே வாரிசுகளுக்குரியது. கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பின்னரே பங்கீடு என்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12ஆம் வசனங்கள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. வாரிசே இல்லாதவரின் சொத்து பைத்துல் மாலுக்குச் சேரும். பட்டியல் இல்லையென்றால், ஊரில் இல்லாத மகனும் கடன் கொடுத்த அண்டை வீட்டாரும் உரிமையை இழக்க நேரிடும்.

அன்றைய வரலாற்று நூல்கள் சுல்தான்களையும் அமீர்களையும் ஆலிம்களையுமே அதிகம் பேசின. இந்தத் தாள்களிலோ ஏழைகள், வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள், ஏராளமான பெண்கள் இடம்பெற்றுள்ளனர். சில துணிமணிகளும் ஒரு பாத்திரமும் மட்டுமே வைத்திருந்த பெண்ணின் உடைமையும் முறையாகப் பதிவாகியுள்ளது.

புதிதாகப் பொறுப்பேற்கும் காழி, முந்தையவரின் பதிவுகளைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஃபிக்ஹ் நூல்கள் கூறும் ஒழுங்கு. ஆயினும் உதிரித் தாள்கள் எளிதில் சிதறக்கூடியவை. மம்லூக் காலத்திலிருந்து இத்தகைய தொகுப்புகள் மிகக் குறைவாகவே எஞ்சியுள்ளன. உஸ்மானியர் காலத்தில் பதிவுகள் ஏடுகளாகப் பேணப்பட்டதால், 16ஆம் நூற்றாண்டு முதல் பைத்துல் முகத்தஸின் நீதிமன்றப் பதிவுகள் பெருமளவில் கிடைக்கின்றன.

எழுதுவது பாதிக் கடமைதான். எழுதியதைப் பேணிக் காப்பது மீதிப் பாதி. நம் வஸிய்யத்தும் கடன் குறிப்பும் எங்கே இருக்கின்றன என்பது நம் வீட்டாருக்குத் தெரியுமா? இன்றே சொல்லி வைப்போம்.