அடுக்கி வைப்பதும் ஒரு தொழில்

எங்கள் கூட்டமைப்பின் கடன் பதிவேட்டில் "கடன் நோக்கம்" என்றொரு கட்டம் உண்டு. 1989-ல் தர்மபுரியில் அரசு மகளிர் குழுக்களைத் தொடங்கி, 1997-ல் மகளிர் திட்டம் வந்து, பிறகு நாங்களும் சேர்ந்தோம். அந்தக் கட்டத்தில் கறவை மாடு, ஆடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்றுதான் எழுதி வந்தேன். போன வருஷம் ஒரு தங்கச்சி, "வீடு ஒழுங்குபடுத்திக் கொடுக்குற தொழில்"னு கேட்டு வந்தாள். பழைய ஸ்கூட்டர் வாங்க 20,000 ரூபாய். "இதுக்கெல்லாமா காசு குடுப்பாங்க?"ன்னு கூட்டத்தில் ஒரே சிரிப்பு. கடன் நிற்கிற மாதிரி ஆயிடுச்சு. அதனால்தான் இந்த வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1912-லேயே அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற அம்மா, பாத்திரம் கழுவ எத்தனை அடி நடக்கிறோம், எதை எங்கே வைத்தால் நடை குறையும் என்று கணக்குப் போட்டுப் பெண்கள் பத்திரிகையில் எழுதினார். தன் வீட்டுச் சமையலறைதான் அவருக்குச் சோதனைக்கூடம். 1980-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் இந்த வேலை செய்த சில பெண்கள் கூடிச் சங்கமே வைத்தார்கள். நம்மளை மாதிரிதான்!

ஜப்பானில் மரி கோண்டோ, கல்லூரியில் படிக்கும்போதே 19 வயதில் டோக்கியோவில் காசு வாங்கிக்கொண்டு வீடுகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தவர். காத்திருப்போர் பட்டியல் நீண்டுபோக, தன் முறையைப் புத்தகமாக எழுதினார். 2011-ல் அங்கே வந்த அது, 2014-ல் ஆங்கிலத்துக்குப் போனது. அறை அறையாக இல்லை, வகை வகையாக எடு என்பது அவர் வழி. முதலில் துணி, கடைசியில் நினைவுப் பொருட்கள். சந்தோஷம் தராததை நன்றி சொல்லி அனுப்பிவிடணுமாம். பேர் வெட்டின சீர்ப் பாத்திரத்துக்கு இது செல்லாது என்பது என் அபிப்பிராயம். அம்மா பேர் இருக்கிற தூக்குவாளியை எந்த மகள் தூக்கிப் போடுவாள்?

இதையெல்லாம் அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்டினேன். கடன் பாஸ் ஆனது.

அவளுக்கு முதலில் வந்தது வீடு மாறுகிறவர்கள். அப்புறம், பெற்றோர் காலமான வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு வெளியூரில் இருக்கும் பிள்ளைகள். கேட்காமல் ஒரு தாளைக்கூட எறிய மாட்டாள். பத்திரம், ரேஷன் கார்டு, நகை ரசீது தனிப்பையில் போய்விடும். மணிக்கணக்கா, அறைக்கணக்கா, கூலி எப்படி என்பதில் மட்டும் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம். மணிக்கணக்குதான் சரி என்கிறேன் நான். கடன் நோக்கம் கட்டத்தில் "வீடு ஒழுங்கமைப்பு" என்று முழுசாக எழுதியிருக்கிறேன்; இதுவரை ஏழு தவணை கட்டிவிட்டாள்.