காடி, தேன், ஜாடி: நம்ம வீட்டுக் கைமருந்தின் வரலாறு



குழுக் கூட்டத்தில் "அடுத்து என்ன தொழில் பண்ணலாம்?" என்று பேச்சு வந்தால், ஊறுகாய், மசாலாப் பொடிக்கு அடுத்தபடியாக இப்போ தேன் நெல்லி, இஞ்சித் தேன், மூலிகை வினிகர் என்று பெயர்கள் வருகின்றன. செய்முறை கேட்டால் பத்து பேர் பத்து விதமாகச் சொல்லுவாங்க. ஆனால் இந்தப் பொருட்கள் எங்கிருந்து வந்தன, நம்ம முன்னோர் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

பேச வேண்டியதற்குக் காரணம் இருக்கு. கைமருந்து வீட்டுக்குள் இருந்த வரைக்கும் மருந்தோடு ஒரு பாட்டியும் கூட இருந்தாங்க. யாருக்குக் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம், எந்தப் பாத்திரத்தில் வைக்கலாம் என்று பக்கத்தில் நின்று சொன்னாங்க. நாம் விற்கிற பாட்டிலோடு பாட்டி போகமாட்டாங்க. அவங்க சொன்னதையும், அவங்க காலத்துக்குப் பிறகு தெரிய வந்ததையும் சேர்த்து நாம்தான் அனுப்ப வேண்டும்.

காடி நமக்குப் புதுசு இல்லை

வினிகர் சீமைப் பொருள் என்று நினைக்கிறோம். "காடிக் கஞ்சியானாலும் மூடிக் குடி" என்ற பழமொழியில் வருகிற காடி, புளித்த கஞ்சித் தண்ணிதான். சித்த வைத்தியத்தில் சில சரக்குகளைச் சுத்தி செய்யக் காடியைப் பயன்படுத்தினார்கள். பிற்காலத்தில் வினிகருக்குத் தமிழ்ப் பெயர் தேவைப்பட்டபோது இந்தச் சொல்லே கைகொடுத்தது. இலங்கைத் தமிழர் அதை "வினாகிரி" என்கிறார்கள். அது போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொல். அங்கே தென்னங்கள்ளைப் புளிக்க வைத்து வினாகிரி எடுப்பது இன்றும் வழக்கம். கோவாவிலும் அப்படித்தான்.

கஞ்சித் தண்ணியின் புளிப்பும் வினிகரின் புளிப்பும் ஒன்றல்ல. பழைய சோற்று நீராகாரத்தில் இருப்பது தயிரில் இருக்கிற மாதிரியான புளிப்பு. வினிகர் இரண்டு படியில் உண்டாகிறது. முதலில் பழச்சாற்றில் அல்லது பதநீரில் இருக்கிற சர்க்கரை நொதித்துக் கள்ளாகும். பிறகு காற்றுப் பட்டு அந்தக் கள்ளு காடியாகும். இரண்டாவது வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்று 1860களில் பிரான்ஸ் நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் நிரூபித்தார். அதனால்தான் நீராகாரத்தை ஊற்றி ஊறுகாயை வருஷக்கணக்கில் காப்பாற்ற முடியாது. நல்ல வினிகரில் முடியும். கடையில் விற்கும் வினிகரில் அசிட்டிக் அமிலம் குறைந்தது 3.75 சதவீதம் இருக்க வேண்டும் என்று உணவுச் சட்டம் சொல்கிறது.

நம்ம பக்கம் முந்திரிக் காடு நிறைய. கொட்டையை எடுத்துக்கொண்டு பழத்தைத் தோப்பிலேயே விட்டுவிடுகிறோம். போர்த்துகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் அது. அந்தப் பழச்சாறும் முறையாக நொதிக்க வைத்தால் வினிகராகும். விருத்தாசலத்தில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரியில் வி.ஆர்.ஐ. ரகங்களை வெளியிட்ட இடம். பழத்தைப் பற்றிக் கேட்க வெளியூர் போக வேண்டியதில்லை.

தேன் வந்த வழி

சங்க காலத்திலிருந்தே குறிஞ்சி நிலத்தின் பொருள் தேன். மலைத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, கொசுத்தேனீ என்று தேனீயைப் பார்த்தே தேனையும் பிரித்துச் சொன்னார்கள். பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்று மூன்று நூல்களுக்கு மருந்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். திரிகடுகம் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி. அந்தப் பொடியை இன்றும் தேனில் குழைத்துத்தான் கொடுக்கிறோம். இப்படி மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதை வைத்தியர்கள் அனுபானம் என்பார்கள். தேன் பெரும்பாலும் அனுபானமாகத்தான் இருந்தது.

காட்டுத் தேன் வீட்டுத் தேன் ஆனது சமீபத்தில்தான். 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் சட்டங்களைத் தனித்தனியாக எடுத்து மாட்டக்கூடிய தேன்பெட்டியைக் கண்டுபிடித்தார். நம்ம ஊர் அடுக்குத்தேனீ உருவத்தில் சின்னது. அதுக்கு ஏற்ற சின்னப் பெட்டியை 1910களில் திருச்சியில் நியூட்டன் என்ற பாதிரியார் வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் அப்படி வந்தது. 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம மையம் விவசாயக் குடும்பங்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற நோய் வந்து தென்னிந்தியாவில் பெரும்பாலான அடுக்குத்தேனீக் கூட்டங்கள் அழிந்தன. பலர் தொழிலையே விட்டார்கள். பிழைத்த கூட்டங்களை வைத்துத்தான் மறுபடி தொடங்கினார்கள்.

தேன் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் தண்ணீர் குறைவு. 20 சதவீதத்துக்குள் இருந்தால் நொதிக்காது. தேனில் நெல்லியைப் போட்டால் நெல்லியின் நீர் இறங்கித் தேன் இளகும். நுரை வந்து புளிக்க ஆரம்பிக்கும். அதனால்தான் நெல்லியை ஆவியில் வேகவைத்து, மேலே ஈரமே இல்லாமல் நிழலில் உலர்த்திப் போடச் சொன்னார்கள். பாட்டிக்கு சதவீதம் தெரியாது, ஈரம் ஆகாது என்பது தெரியும்.

தேனும் காடியும் சேர்ந்தபோது

இரண்டையும் கலந்து மருந்தாக்கியதில் கிரேக்கர்கள் முன்னோடிகள். கபம் கரைய அவர்கள் கொடுத்த தேன்–காடிக் கலவைக்கு ஆக்சிமெல் என்று பெயர். ஹிப்போகிரட்டீஸ் காலத்திலேயே அது உண்டு. பாரசீகத்தில் அது சிக்கஞ்சபீன் ஆனது. சிர்க்கா என்றால் காடி, அங்கபீன் என்றால் தேன். யுனானி வைத்தியத்தோடு அது இந்தியாவுக்கு வந்தது.

செய்முறை எளிது. கழுவி, ஈரம் போகக் காயவைத்த துளசி அல்லது கற்பூரவல்லி ஒரு கைப்பிடி எடுத்து அரை லிட்டர் வினிகரில் முழுக முழுக ஊறவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து வடிகட்டி, சம அளவு தேன் கலக்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணியில் ஒரு தேக்கரண்டி போதும். தண்ணி கலக்காமல் குடித்தால் பல் எனாமலும் தொண்டையும் கெடும். வினிகர் வாங்கும்போது "செயற்கை" என்று போட்டிருக்கா என்று பார்த்து, நொதித்த வினிகரையே வாங்குங்கள்.

எதில் வைப்பது?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல விருத்தாசலத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. இங்கே செராமிக் தொழிற்பேட்டை இருக்கு. அகல் விளக்கும் கொலு பொம்மையும் இங்கிருந்து ஊர் ஊராகப் போகின்றன.

பித்தளை, செம்பில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். அதுக்காகத்தான் உள்ளே ஈயம் பூசினார்கள். அது வெள்ளீயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான். காரீயம் வேறு, அது விஷம். புளிப்பு பட்டால் காரீயம் கரைந்து இனிப்பாகவே இருக்கும், நாக்குக்குத் தெரியாது. ஜாடிக்கு மேலே இருக்கிற கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சிலும், மேலே தீட்டுகிற சில வண்ணங்களிலும் காரீயம் இருக்கலாம்.

மேல்பாதி பழுப்பும் கீழ்ப்பாதி வெள்ளையுமான பழைய ஊறுகாய் ஜாடி சுமார் 1,200 டிகிரி சூட்டில் வெந்த கெட்டி மண். அந்தக் காலத்தில் சில சூளைகளில் உச்சச் சூட்டில் உப்பை உள்ளே வீசுவார்கள். அந்த ஆவி மண்ணில் பட்டு கண்ணாடியாகப் படியும். அந்தப் பூச்சைப் புளிப்பு அரிக்காது. ஆனால் அலங்காரத்துக்குச் செய்த வண்ணச் சட்டி, பொம்மைப் பானை எதிலும் காடியை ஊற்றக்கூடாது. ஜாடி வாங்கும்போது "உணவுக்கு ஏற்றதா, காரீயம் இல்லாத கிளேஸா?" என்று கேட்டே வாங்குங்கள். பதில் தெரியாவிட்டால் கண்ணாடி பாட்டில் போதும்.

கைவிட வேண்டிய ஒரு வழக்கம்

குழந்தை பிறந்ததும் சேனை வைப்பது நம்ம பக்கத்து வழக்கம். பெரியவங்க கையால் சர்க்கரைத் தண்ணியோ தேனோ நாக்கில் தடவுவாங்க. தேனில் பாட்டுலிசம் என்ற நோய்க் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர் குடலில் அது முளைக்காது. ஒரு வயசுக்குள் இருக்கிற குழந்தையின் குடலில் முளைத்து, உடம்பு துவண்டு, மூச்சு விடவே சிரமப்படும். கைக்குழந்தைக்கு இப்படி வருகிறது என்று அமெரிக்காவில் கண்டறிந்ததே 1976-ல்தான். வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. சேனை வைத்த பாட்டிக்கு இது தெரிய வழியில்லை. நமக்குத் தெரியும். ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டும், ஒரு வயசு வரை தேன் கிடையாது.

ஒரு வயசு தாண்டிய குழந்தையின் இருமலுக்குத் தேன் தொண்டைக்கு இதம் தரும் என்பதை உலக சுகாதார நிறுவனமே 2001-ல் வெளியிட்ட அறிக்கையில் ஏற்றுக்கொண்டது. அந்த வகையில் பாட்டி சொன்னது சரி. சர்க்கரை நோய் உள்ளவங்களுக்குத் தேனும் சர்க்கரைதான். இருமல் தொடர்ந்தாலோ, மூச்சு வாங்கினாலோ கைமருந்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நம்ம கைக்கு வந்தபோது

1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கி, சில ஆண்டுகளில் நம்ம பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கும் வந்தன. 1992-ல் நபார்டு வங்கி குழுக்களை வங்கிக் கடனோடு இணைத்தது. சேமிப்பில் ஆரம்பித்த நாம் இன்று பொருள் செய்து விற்கிறோம். உணவாக விற்க உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். "மருந்து" என்று விற்றால் 1940-ஆம் வருஷத்து மருந்துச் சட்டப்படி உரிமம் வேண்டும். "சர்க்கரை நோய் குணமாகும்" மாதிரி விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது.

ஆகவே லேபிளில் குழுவின் பெயரோடு இவற்றையும் எழுதுவோம்: என்னென்ன சேர்த்தது, செய்த தேதி, எவ்வளவு சாப்பிடலாம், திறந்த பிறகு எத்தனை நாள் வைக்கலாம். அதுக்குக் கீழே பெரிய எழுத்தில், "ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது." பாட்டி பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதை இனிமேல் அந்த லேபிள் சொல்லட்டும்.