குதிரையால் அளந்த காணி

நெடுந்தீவிலே பிறந்தோர்க்குக் குதிரை புதிய விலங்கன்று. ஒல்லாந்தர் காலத்து இலாயங்களின் இடிபாடுகளும் வெளியெங்கும் திரியும் கட்டாக்காலிக் குதிரைகளும் அத்தீவின் அடையாளங்கள். கலிபோர்னியாவின் டப்ளின் நகரமும் ஒரு காலத்திற் குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் உரிய மேய்ச்சல் நிலமாகவே இருந்தது. அந்நிலம் கைமாறிய வரலாறு காணி இழந்தோராகிய நாம் அறியத்தக்கது.

அங்கு முதலில் வாழ்ந்தோர் ஓலோனி இனத்தவர். 1797இல் நிறுவப்பட்ட சான் ஹொசே மிசன் அவர்களை உள்ளீர்த்துக்கொண்டது. உறுதி எழுதப்படாத அவர்தம் உரிமையை எவரும் மதித்திலர். 1830களில் மெக்சிக்கோ அரசு, முன்னாட் போர்வீரரான ஹொசே மரியா அமடோருக்கு அப்பள்ளத்தாக்கிலே சான் ரமோன் என்னும் பெரும் பண்ணையை வழங்கியது. அதன் பரப்பு 16,000 ஏக்கருக்கும் மேற்பட்டது.

அந்நாளிற் பண்ணைகளை அளந்த முறை விந்தையானது. கயிறொன்றின் இரு முனைகளையும் குதிரையேறிய இருவர் பற்றுவர். ஒருவர் நிற்க, மற்றவர் முன்னே செல்வர். ஓடையும் குன்றும் மரமுமே எல்லைகள். கையால் வரைந்த படமொன்றே சான்று.

1848இல் கலிபோர்னியா அமெரிக்காவின் வசமாயிற்று. பழைய உடைமைகள் பேணப்படும் என ஒப்பந்தம் உறுதியளித்தது. ஆயினும் 1851ஆம் ஆண்டின் காணிச் சட்டம், உரிமையை நிறுவும் பொறுப்பை உடையவர் மீதே சுமத்தியது. வழக்குகள் முடிவுறச் சராசரியாகப் பதினேழு ஆண்டுகள் சென்றன. சட்டத்தரணிகளுக்குக் கூலியாகவே பலர் நிலத்தைக் கொடுத்தனர்.

அமடோர் நிலத்தைப் பகுதி பகுதியாக விற்றார். மைக்கல் மரே, ஜெரமையா பாலன் என்னும் அயர்லாந்தவர் இருவர் வாங்கினர். 1852இல் ஜேம்ஸ் விட் டோகர்ட்டி பெரும்பகுதியை வாங்கினார். அயர்லாந்தவர் பெருகவே, கடல் கடந்து வந்தோரின் தாயகத் தலைநகரின் பெயர் அவ்வூருக்கு நிலைத்தது. 1982இல் அது நகராட்சியாயிற்று. குதிரைகள் மேய்ந்த இடத்தில் இன்று நெருங்கிய வீடுகள் நிற்கின்றன. அப்பகுதியிற் குதிரை வளர்க்கக் காணி தேடுவோர் இன்றும் உறுதியையும் எல்லையையும் நீர் வசதியையும் பயன்பாட்டு விதிகளையுமே முதலில் ஆராய்கின்றனர்.

அமடோர் 1877இல், எண்பது வயது கடந்த நிலையில், தம் நினைவுகளைச் சொல்லி எழுதுவித்தார். நிலம் போன பின்னரும் அவ்வெழுத்து எஞ்சியுள்ளது.

எம்மவர் பலரின் உறுதிகள் இடம்பெயர்ந்த வழியிலே அழிந்தன. எனினும் காணியின் பெயரும், எத்தனை பரப்பு என்பதும், நாற்புற எல்லையில் இருந்தோர் யாவர் என்பதும் முதியோர் நெஞ்சில் இன்னும் உள்ளன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம். எழுத்து மட்டும் நிலத்தை மீட்டுத் தந்துவிடாது என்பதை அமடோரின் கதை காட்டுகிறது. ஆயினும் எழுதாது விட்டால், கேட்கும் உரிமைக்கே சான்றின்றிப் போகும்.