கிரீஸில் சிற்றாசிய அகதிகளின் குடியமர்வு

1922-ஆம் ஆண்டு செப்டம்பரில் துருக்கியப் படைகள் ஸ்மர்னா நகரைக் கைப்பற்ற, நகரின் பெரும்பகுதி தீக்கிரையானபோது ஈஜியன் கடலைத் தாண்டி ஓடிவந்த சிற்றாசியக் கிரேக்கரும், அடுத்த ஆண்டு ஜனவரியில் லொசானில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி மதமொன்றையே அளவுகோலாகக் கொண்டு கட்டாயமாகப் பெயர்க்கப்பட்ட ஏனைய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும், சுமார் 50 லட்சம் ஜனங்களே வாழ்ந்த கிரேக்க நாட்டில் வேரூன்றிய வரலாறு இது. 1928-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் அகதிகளாகப் பதிவானோர் 12 லட்சத்திற்கும் அதிகம். கிரீஸிலிருந்து ஏறத்தாழ மூன்றரை லட்சம் முஸ்லிம்கள் துருக்கிக்குப் போயினர்.

வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் மதம் ஒன்று. பெரும்பாலோருக்கு மொழியும் ஒன்று. அப்படியிருந்தும் அச்சம் மூண்டது. கப்படோசியாவிலிருந்து வந்தோரிற் பலர் துருக்கி மொழியே அறிந்திருந்தமையால், ‘துருக்கிய வித்து’ என்றும் ‘தயிரில் ஞானஸ்நானம் பெற்றவர்’ என்றும் உள்ளூரார் ஏசினர். ஏச்சுக்கு அடியில் கிடந்தவை லௌகிகக் கவலைகளே: கூலி குறைந்துவிடும், முஸ்லிம்கள் விட்டுச்சென்ற நிலம் தமக்குக் கிட்டாது, அகதிகளின் வாக்குகள் ஒருங்கே தாராளவாதக் கட்சித் தலைவர் வெனிஸெலோஸ் பக்கம் விழுந்து முடியாட்சி கவிழும் என்பன. கடைசிக் கவலையை வீண்பயமென்று தள்ளுவதற்கில்லை. 1924-இல் கிரீஸ் குடியரசாயிற்று.

ஏதென்ஸ் நகராட்சி நாடகசாலையின் பார்வையாளர் மாடங்களில், மாடத்துக்கு ஒரு குடும்பமாக ஜனங்கள் ஒண்டியிருந்த அந்நாட்களில், சர்வதேச சங்கத்தின் ஆதரவோடு, அமெரிக்கரான ஹென்றி மார்கெந்தாவை முதல் தலைவராகக் கொண்டு 1923-இல் அமைந்த அகதிகள் குடியமர்வு ஆணையம், அரசு ஒப்படைத்த 5 லட்சம் ஹெக்டேர் நிலத்தையும் வெளிநாடுகளில் திரட்டிய கடன்தொகையையும் நிரந்தரமான ஜீவனோபாயத்துக்கன்றி அன்றாட நிவாரணத்துக்குச் செலவிடலாகாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு இயங்கியது. பசித்தவர் முன் இவ்விதி ஈவிரக்கமற்றதாகவே தோன்றும். எனினும் வீடும் உழவுமாடும் விதையும் திருப்பிச் செலுத்த வேண்டிய கடனாகவே கிடைத்தமையால், அகதிகள் நம் சோற்றைத் தின்கிறார்கள் என்ற பேச்சுக்கு ஆதாரம் குறைந்தது. வட கிரீஸின் மாசிடோனியாவில் குடியமர்ந்தோரில் பலரை மலேரியா மாய்த்தது. பிழைத்தவர்கள் தரிசைத் திருத்திப் புகையிலை பயிரிட்டனர். ஏதென்ஸை அடுத்த நேயா இயோனியாவில் அகதிப் பெண்கள் கம்பளம் நெய்தனர்.

ஆணையம் 1930-இல் கலைந்தது. அவ்வாண்டே வெனிஸெலோஸ் அங்காராவில் துருக்கியுடன் சமாதானம் செய்து, அகதிகள் விட்டுவந்த சொத்துக்களின்மீது இருந்த உரிமைக் கோரிக்கையைக் கைவிட்டார். மனம் கசந்த அகதிகளில் ஒரு பகுதியினர் அவரைத் துறந்து, சிலர் பொதுவுடைமைக் கட்சியையும் சிலர் எதிரணியையும் நாடவே, ஒருமுகமான அகதி வாக்கு என்று அரசபக்தர்கள் அஞ்சிய பொருளே சிதறலாயிற்று.