அதெல்லாம் ஒரு படிப்பா?



போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி போன் செய்தாள். "சார், வேலையை விட முடியாது. ஆன்லைன்ல டிகிரி சேரலாம்னு இருக்கேன். அதெல்லாம் ஒரு படிப்பான்னு வீட்ல கேக்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" உடனே பதில் சொல்ல முடியவில்லை. வரலாற்று வாத்தியார் ஆயிற்றே, பழையதைப் புரட்டினேன்.

1840-ல் இங்கிலாந்தில் ஒரு பென்னி தபால் வந்தது. ஐசக் பிட்மன் அதைப் பிடித்துக்கொண்டு தபாலில் சுருக்கெழுத்து கற்பித்தார். மாணவர் எழுதி அனுப்புவார்; திருத்தித் திரும்பி வரும். 1858-ல் லண்டன் பல்கலைக்கழகம் கல்லூரியில் சேராதவர்களுக்கும் தேர்வைத் திறந்துவிட்டது. ஆனால் தேர்வு மட்டும்தான். படிப்பது அவரவர் பாடு.

1960-களில் பிரதமர் ஹெரால்ட் வில்சன் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பற்றிப் பேசியபோது, எதிர்க்கட்சியின் இயான் மக்லியோட் அதைப் பிதற்றல் என்றார். பொறுப்பை ஏற்ற ஜென்னி லீ, சுரங்கத் தொழிலாளியின் மகள். ஏழைகளுக்கு என்று மட்டமான பட்டம் தர அவர் சம்மதிக்கவில்லை. 1971 ஜனவரியில் 20,000-க்கும் மேற்பட்டவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். முன்தகுதி கேட்கவில்லை. பிபிசியில் பாடம், தபாலில் புத்தகம், கோடையில் நேரடி வகுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் ஆசிரியர். அவர் கட்டுரையைப் படித்து, குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். 2005-ல் பிரிட்டனில் மாணவர் திருப்தி பற்றித் தேசிய அளவில் கேட்டபோது, வளாகத்தில் இளங்கலை மாணவரே இல்லாத அந்தப் பல்கலைக்கழகம் முன்வரிசையில் நின்றது.

நானும் எம்.ஏ.வைத் தபாலில்தான் முடித்தேன். கண்விழித்து எழுதி அனுப்பிய கட்டுரைகள் வெறும் மதிப்பெண்ணோடு வந்தன. ஒரு வரி குறிப்பில்லை. பட்டம் கிடைத்தது, மனம் நிறையவில்லை. 2020 ஊரடங்கில் பேத்தியின் ஆன்லைன் வகுப்பிலும் அதையே பார்த்தேன். எல்லோரும் கேமராவை அணைத்திருந்தார்கள். "புரியுதா?" என்றார் ஆசிரியர். பதிலே இல்லை.

அதனால் அந்தப் பெண்ணுக்கு நேற்று சொன்னேன்: "தாராளமா சேரும்மா. ஆனா பணம் கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளு. நான் எழுதுறதை யார் படிப்பாங்க? எத்தனை நாள்ல திருத்தித் தருவாங்க? சந்தேகம்னா கேக்க ஆள் உண்டா?"

உங்களில் ஆன்லைனில் படித்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ, உள்ளபடி எழுதுங்கள். அவளும் படிப்பாள்.