எலும்பு கூடிய பிறகும் எரியும் கை

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்த பின் எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்கிறது. ஆனால் கை நெருப்பாய் எரிகிறது. துப்பட்டா பட்டாலே துடிக்கிறார். "வேலைக்குப் போக மனமில்லாமல் நடிக்கிறாள்" என்று வீட்டிலேயே பேச்சு எழுகிறது.

இது நடிப்பல்ல; சூனியமும் அல்ல. சிஆர்பிஎஸ் என்னும் வலி நோயாக இருக்கலாம்.

நோயின் அடையாளங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861-65) நரம்பில் காயம்பட்ட வீரர்களிடம் இத்தகைய எரிவலியை மருத்துவர் வெயர் மிட்செல் பதிவு செய்தார். இன்றைய பெயர் 1994-ல் வந்தது. எலும்பு முறிவு, சுளுக்கு, அறுவை சிகிச்சைக்குப் பின் நரம்புகளும் மூளையும் வலியைத் தவறாகப் பெருக்கிக் காட்டுகின்றன. காயத்துக்குப் பொருந்தாத வலி, வீக்கம், தோலின் நிறமும் சூடும் மாறுதல், அதிக வியர்வை, விறைப்பு ஆகியவை அடையாளங்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது.

கையைப் பொத்தி வைக்காதீர்கள்

வலிக்கிறதே என்று கையை அசைக்காமல் வைத்தால் விறைப்பு கூடும். முரட்டுத்தனமாக இழுத்து நீவுவதும், ஐஸ் வைப்பதும் வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் அளவில் தினமும் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். முதலில் பஞ்சு, பிறகு பனியன் துணி, பிறகு டர்க்கி டவல் என்று தொட்டுத் தொட்டுத் தோலைப் பழக்கலாம்.

கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. வலிக்கும் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து, நல்ல கையை அசைத்து அதன் பிம்பத்தைப் பார்க்க வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் வலிக்காக 1990-களில் உருவாக்கிய முறை இது. சிஆர்பிஎஸ் நோயின் ஆரம்ப நிலையில் சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. எனவே தாமதிக்காமல் எலும்பு அல்லது வலி நிவாரண மருத்துவரைப் பாருங்கள்.

ஈஎஸ்ஐ உரிமை

வேலையிடத்தில் பட்ட காயத்தால் வேலை செய்ய முடியாத காலத்துக்கு, ஈஎஸ்ஐ காப்பீடு பெற்றவருக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். விபத்தைக் கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் உடனே எழுத வையுங்கள். ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள்.

வணக்கத்தில் சலுகை

தண்ணீர் பட்டால் நோய் கூடும் என்றால் தயம்மும் செய்யும் சலுகை உண்டு (அல்குர்ஆன் 5:6). ஒரு கை மட்டும் பாதிக்கப்பட்டவருக்கான முறையை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டறியுங்கள். ஸஜ்தாவில் கை ஊன்ற முடியாதவர் இயன்றதைச் செய்தால் போதும்.

துஆச் செய்யுங்கள், மருத்துவத்தையும் விடாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், "வலிக்கிறது" என்று சொல்பவரை நம்புங்கள். நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபா தருவானாக! ஆமீன்.